ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஞாயிறு காலை சென்னை ஜார்ஜ் டவுனில் பூக்கடைப் பக்கம் போயிருந்தேன். பட்டணம் கோயில் வாசலில் ஓர் இளைஞர் இருபது பேரை நிறுத்தி வைத்து மரபு நடை நடத்திக்கொண்டிருந்தார். "1640களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்புத் தரகர், அதாவது துபாஷ், பேரி திம்மப்பா கட்டிய கோயில் இதுதான். தெலுங்கு வணிகர்களும் நெசவாளர்களும் முதலில் குடியேறிய தெருக்கள் இவைதான்" என்றார். கணீரென்ற குரல், நல்ல ஈடுபாடு. சொன்ன இடம்தான் தவறு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதே வாசலில் நின்று அதையே நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டை மாற்றிச் சொல்வது, பெயரைத் தவறாக உச்சரிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நாலு நடை நடத்தினால் அவை தாமாகவே சரியாகிவிடும். தாமாகச் சரியாகாதவை வேறு.

ஊர் இடம் பெயர்ந்ததை மறப்பது

1639இல் கம்பெனிக்கு நிலம் கிடைத்துப் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பியபோது, அதன் வடக்குச் சுவரை ஒட்டி உள்ளூர் மக்களின் குடியிருப்பும் வளர்ந்தது. ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். கம்பெனி இங்கே வந்ததே துணி வாங்கத்தான். நெசவாளரும் சாயம் தோய்ப்பவரும் பேரம் முடித்துத் தரும் துபாஷும் இல்லாவிட்டால் கோட்டைக்கு வேலையே இல்லை. அதனால் சலுகை கொடுத்து ஆட்களை வரவழைத்தார்கள். தெலுங்கர், தமிழர், அர்மீனியர், போர்த்துகீசியர் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஊர் இன்று இல்லை. உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கிற நிலம்தான் அது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் சுவரோரத்து வீடுகளில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் கோட்டை திரும்பக் கிடைத்தது. மறுபடி முற்றுகை வந்தால் பீரங்கிக்கு எதிரே எந்த மறைப்பும் இருக்கக்கூடாது என்று மிச்சத்தை ஆங்கிலேயரே இடித்தார்கள். திம்மப்பா கட்டிய சென்னகேசவர் கோயில் 1757இல் போனது. ஆளுநர் பிகட்டின் துபாஷாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இப்போதைய இடத்தில் கோயில் எழுப்பினார். நீங்கள் பூக்கடையில் காட்டுவது அந்த இரண்டாவது கோயிலை. அர்மீனியருக்கும் இதே கதிதான். 1712இல் கட்டிய தேவாலயம் அழிந்துபோக, 1772இல் இன்றைய இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஆன செலவு அப்படி. என் கைப்பணத்தில் ஆயிரம் கையேடுகள் அச்சடித்தேன். பழைய கறுப்பர் நகரத்தின் கதை முழுவதையும் இன்றைய தெரு வரைபடத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் நடைக்கு வந்த பெரியவர் ஒருவர், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, 1640இல் கோயில் இங்கே இருந்தால் கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவே இவ்வளவு வெற்றிடம் எதற்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு, ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில், சுமார் 1710இல், வரைந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கோட்டைச் சுவரை ஒட்டிக் கறுப்பர் நகரம், அதைத் தாண்டித் தோட்டங்கள், அதற்கும் அப்பால் பேட்டைகள். மிச்சமிருந்த அறுநூறு கையேடுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

போன பணம்கூடப் பெரிதில்லை. அதற்குள் கையேடு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகள் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய் எப்படித் திருத்துவது? இன்றும் யாராவது பூக்கடை வாசலில் திம்மப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஊர் பெயர்ந்ததைச் சொல்லாமல் விட்டால், வீடும் கோயிலும் கல்லறையும் இழந்து மறுபடி குடியேறிய மக்களின் பாடே கதையிலிருந்து விழுந்துவிடுகிறது. இந்தப் பட்டணத்துக்காரர்கள் ஒரு முறை குடியேறியவர்கள் அல்லர், இரண்டு முறை குடியேறியவர்கள்.

சந்தேகம் இருந்தால் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பு வடிவில் நிற்கும் கல்லறையைப் பாருங்கள். ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட் அங்கே புதைக்கப்பட்டான். ஆங்கிலேயரின் பழைய இடுகாடு அது. ஊர் போய், இடுகாடு போய், அது எஞ்சி நின்றது.

தெருப் பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்வது

அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. அர்மீனியன் என்ற சொல் நம் நாவில் அரண்மனைக்காரன் ஆனது, அவ்வளவுதான். அந்தத் தெருவிலேயே ஒரு ஜமீன்தாருக்கு மாளிகை கட்டிக் கதை சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். உண்மை அதைவிடச் சுவையானது. கச்சாலீசுவரர் கோயில், அர்மீனியர் தேவாலயம், புனித மரியன்னை இணைப் பேராலயம் மூன்றும் அந்த ஒரே தெருவில் இருக்கின்றன. அர்மீனியர் தேவாலயத்துக்குள் போனால் தரையில் பதித்த கல்லறைக் கற்களின் எழுத்தைக் காட்டுங்கள். உலகின் முதல் அர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் அடங்கியிருப்பதும் அங்கேதான்.

வண்ணாரப்பேட்டையும் அப்படித்தான். வீட்டுத் துணி வெளுத்தவர்கள் என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். கப்பலேறிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

"எல்லாரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்"

வாழவில்லை. 1707இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவுகளின் சண்டை முற்றி, யார் எந்தத் தெருவில் இருப்பது, எந்த வழியாக ஊர்வலம் போவது என்று ஊரே இரண்டுபட்டது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிட் பிரித்துக் கொடுத்தார். கச்சாலீசுவரர் கோயிலே இடங்கையாருக்காகக் கலவை செட்டி எழுப்பியது. சண்டையை மறைத்துவிட்டால், அருகருகே இத்தனை கோயில்கள் ஏன் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

சௌகார்பேட்டைக்கு வயதைக் கூட்டுவது

அங்கே வாழும் மார்வாடிகளில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வந்தவர்கள்.

சாப்பாட்டிலேயே நேரத்தைக் கழிப்பது

கச்சோரிக் கடைக்குப் பத்து நிமிடம் போதும்.

தெருவுக்குள்ளேயே சுற்றுவது

கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குத் தம் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் அவரே. பழைய பாலம் போய் இப்போது மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் அதனருகே நிற்கிறது. நேரமிருப்பவர்களை அங்கேயும் அழைத்துப் போங்கள்.

அந்த இளைஞரின் நடை முடிந்ததும் அவரைப் பாரிமுனைக்குக் கூட்டிப்போனேன். டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் 1773ஆம் ஆண்டு பொறித்த எல்லைத்தூண் ஒன்று இருக்கிறது. இதற்குத் தெற்கே யாரும் வீடு கட்டக்கூடாது என்று அறிவிக்க நட்டவற்றில் எஞ்சியது. அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்படியானால் திம்மப்பாவின் கோயில் எங்கே?" என்று கேட்டார். சாலைக்கு அப்பால் தெரிந்த நீதிமன்ற வளாகத்தைக் காட்டினேன்.