அதிகம் பேசாதவர்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்: செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் இன்ட்ரோவெர்ட் ஆட்களுக்கு முதல் சில மாதம் சொர்க்கமாகத்தான் இருக்கும். பக்கத்து சீட் அரட்டை கிடையாது, கேன்டீன் கூட்டம் கிடையாது. சிக்கல் அப்ரைசல், அதாவது வேலையை மதிப்பிட்டு சம்பளமும் பதவியும் முடிவாகும் நேரத்தில் வெளியே வரும். ஆபீஸில் வாயே திறக்காதவரும் மேனேஜர் கண்ணில் படுவார். வீட்டில் இருப்பவர் படமாட்டார். சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்களை வைத்து நிக்கலஸ் புளூம் குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் செய்த வேலையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கிடைத்த பதவி உயர்வு குறைவு.

ஆகவே பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம், தகவலைக் குறைக்கக் கூடாது. சென்னையிலோ கோவையிலோ வீட்டில் உட்கார்ந்து அமெரிக்க கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவரை மனதில் வைத்துக் கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன.

தினம் மூன்று வரி

வேலை முடித்து லாகவுட் செய்யும் முன் டீம் சேனலில் (குழு முழுவதும் பார்க்கும் சாட்டில்) ஒரு அப்டேட் போடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"முடிந்தது: பேமென்ட் பக்கத்தில் இரண்டு முறை பணம் பிடித்த பிழை சரியாகிவிட்டது, டெஸ்டிங்கில் இருக்கிறது.
நாளை: ரீஃபண்ட் ரிப்போர்ட்.
தடை: டேட்டாபேஸ் அனுமதி இன்னும் வரவில்லை. புதன் மதியத்துக்குள் வராவிட்டால் ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளிப்போகும்."

மூன்றாவது வரிக்குத்தான் மதிப்பு அதிகம். "வேலை போய்க்கொண்டிருக்கிறது" என்று எழுதினால் என்ன ஆயிற்று என்று கேட்க யாராவது கால் பண்ணுவார்கள். தேதியும் காரணமும் எழுதிவிட்டால் அந்த கால் வராது. மேனேஜருக்கு மட்டும் தனி மெசேஜாக அனுப்பாதீர்கள். சேனலில் போட்டால் மற்றவர்களும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

கேட்கத் தயங்கி அரை நாள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு கிடப்பது இந்த வகை ஆட்களின் பெரிய பலவீனம். 45 நிமிடம் நகரவில்லை என்றால் எழுதிவிடுங்கள்: என்ன செய்து பார்த்தேன், என்ன வந்தது, யாரிடமிருந்து என்ன வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வார அப்டேட்டுகளில் முக்கியமானதை ஒரு ஃபைலில் சேர்த்துவையுங்கள். செல்ஃப் அப்ரைசல் எழுதும்போது தற்பெருமை பேசுகிற கூச்சமே இருக்காது. தேதி போட்ட பட்டியலை எடுத்து ஒட்டினால் போயிற்று.

"குயிக் கால் பண்ணலாமா?"

இதற்கு உடனே சரி சொல்லவும் வேண்டாம், பார்க்காத மாதிரி இருக்கவும் வேண்டாம். "விஷயத்தை இரண்டு வரியில் போடுங்க, இருபது நிமிஷத்துல பார்த்துச் சொல்றேன். அப்பவும் தெளிவாகலைன்னா நாலு மணிக்குப் பேசலாம்" என்று பதில் போடுங்கள். பாதிக்கு மேல் எழுத்திலேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒரே கேள்வி மூன்றாவது முறை திரும்பி வந்தாலோ, டெலிவரி தேதி தள்ளிப்போகும் என்று சொல்ல வேண்டியிருந்தாலோ, எழுத்தில் சூடு ஏற ஆரம்பித்தாலோ நீங்களே முந்திக்கொண்டு கூப்பிடுங்கள். நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுத்த கால் அவ்வளவு களைப்பைத் தராது.

மீட்டிங்

நியூயார்க்கில் காலை 9.30க்கு ஸ்டாண்டப் (டீமின் சின்ன தினசரி மீட்டிங்) என்றால் நமக்கு இரவு 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அது 8 மணி ஆகும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 7. அந்த இரண்டு வாரமும் காலண்டரை ஒரு தடவை சரிபாருங்கள். பகல் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு 7 மணிக்கு வாய் திறந்தால் முதல் வாக்கியம் தொண்டையிலேயே நிற்கும். பத்து நிமிடம் முன்னால் அஜெண்டாவைச் சத்தமாக ஒருமுறை படியுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

வீடியோ கால் ஏன் இப்படிக் களைக்கிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணம் சொன்னார்: முகங்கள் மிக அருகில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைக் கொடுக்கவும் புரிந்துகொள்ளவும் கூடுதலாகச் சிரமப்படுவது. முதல் மூன்றை நாமே குறைக்கலாம். ஜூமில் உங்கள் படத்தின் மேல் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி "ஹைட் செல்ஃப் வியூ" கொடுங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரியாது. விண்டோவைச் சின்னதாக்குங்கள். மேனேஜரோடு தனியாகப் பேசுவதை ஆடியோவில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபடியே பேசலாம். கேமராவை முழுக்க மூடிவிடாதீர்கள்: ஆரம்ப இரண்டு நிமிடமும் நீங்கள் பேசும்போதும் ஆன், நாற்பது பேர் இருக்கும் டவுன்ஹால் என்ற பெரிய பொது மீட்டிங்கில் ஆஃப்.

மெல்லிய குரல்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மிக்ஸி சத்தத்தை வடிகட்டும் நாய்ஸ் சப்ரஷன், லேப்டாப் மைக்குக்குத் தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேசுபவரின் சொற்களையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தப் பக்கம் "என்ன, கேட்கலை" என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை இவர் பேசவே மாட்டார். ஒயர் மைக் உள்ள ஹெட்செட்டை வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வைத்து, மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் டெஸ்ட் கால் போட்டு உங்கள் குரலைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடுங்கள். தள்ளிப்போடப் போட நுழைவது கடினம். அந்த வாக்கியத்தை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி, மினிட்ஸ், அதாவது மீட்டிங் குறிப்பு எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்குவது. யாரும் விரும்பாத வேலை என்பதால் சுலபமாகக் கிடைக்கும். என்ன முடிவானது, யார் பொறுப்பு, எந்தத் தேதி, எது இழுபறி என்று ஐந்து வரி, மீட்டிங் முடிந்த 15 நிமிடத்துக்குள் அனுப்புங்கள். சத்தமாகப் பேசியவர்களும் அதற்குப் பிறகு உங்கள் குறிப்பைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

கூகுள் காலண்டரில் "ஃபோகஸ் டைம்" போட்டால் அந்த நேரத்து அழைப்புகளைத் தானாக மறுக்கவைக்கலாம். தினம் ஒரே நேரத்தில் 90 நிமிடமாக இரண்டு தடவை போதும். நாள் முழுக்க அடைத்துவைத்தால் எவரும் மதிக்கமாட்டார்கள்.

"வீட்லதானே இருக்கே"

பல வீடுகளில் களைப்பு ஆபீஸ் பேச்சால் வருவதில்லை, வீட்டுப் பேச்சால் வருகிறது. கதவு மூடியிருந்தால் அவசரத்துக்கு மட்டும், திறந்திருந்தால் எப்போதும் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். கூடவே 11 மணிக்கும் 4 மணிக்கும் போனை உள்ளேயே வைத்துவிட்டு வந்து, கால் மணி நேரம் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு உட்கார்ந்து காபி குடியுங்கள். அதைத் தவறவிட்ட நாளில் கதவு நிறையத் தட்டப்படும். கூரியர், சிலிண்டர் ஆகியவற்றுக்கு வரும் ஓடிபியை முன்னதாகவே வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். தனி அறை இல்லையென்றால் முதுகுப் பக்கம் சுவர் வரும்படி மேசையைப் போடுங்கள்; பின்னால் யாரும் கடந்துபோக முடியாது.

கரன்ட் போனால் லேப்டாப் ஓடும், வைஃபை ஓடாது. ரூட்டருக்கென்று மினி யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வேண்டும்.

தனிமை பிடிப்பது வேறு, ஒளிந்துகொள்வது வேறு. நெருங்கிய நண்பர் கூப்பிட்டால்கூட போனை எடுக்கப் பிடிக்காமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரம் ஓடிவிட்டால் அதைச் சுபாவம் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், அல்லது மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.