விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுவது: எங்கே வைன் போதும், எங்கே போதாது

லினக்ஸுக்கு மாறியவர்கள் பலருக்கும் முதல் வாரத்திலேயே வரும் தலைவலி இது. பிரவுசர், மெயில், பாட்டு, படம் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், ஒரே ஒரு பழைய விண்டோஸ் புரோகிராமை மட்டும் விட முடியாது. அதன் இஎக்ஸ்இ கோப்பை டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது, இல்லையென்றால் அதை ஏதோ ஜிப் கோப்பு என்று நினைத்து ஆர்க்கைவ் மேனேஜர் திறந்துகொள்ளும்.

கம்ப்யூட்டர் அதேதானே, ப்ராசஸரும் அதேதானே, பிறகு ஏன் ஓடவில்லை என்று கேட்டால், ப்ராசஸரைப் பொறுத்தவரை பிரச்சினையே இல்லை. எந்தப் புரோகிராமும் தனியாக வேலை செய்வதில்லை. ஒரு ஜன்னல் திற, இந்தக் கோப்பைப் படி, எழுத்தைத் திரையில் வரை என்று நிமிடத்துக்கு ஆயிரம் முறை ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸுக்காக எழுதியது விண்டோஸின் பேச்சில்தான் கேட்கும், லினக்ஸுக்கு அது புரியாது. போதாக்குறைக்கு இஎக்ஸ்இ கோப்பின் உள் அமைப்பும் வேறு. ஆகவே நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் வைன்.

வைன் 1993-ல் தொடங்கியது, 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. பதினைந்து வருடம்! விண்டோஸின் நடத்தையை வெளியிலிருந்தே பார்த்துப் பார்த்து, அதன் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களைத் தாங்களாகவே திரும்ப எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்பது இதிலேயே தெரியும். பெயருக்கு அவர்கள் கொடுக்கும் விளக்கமே 'வைன் ஓர் எமுலேட்டர் அல்ல' என்பதுதான். எமுலேட்டர் என்றால் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே பாவனை செய்யும், அதனால் மெதுவாக ஓடும். வைன் அப்படிச் செய்வதில்லை, புரோகிராமின் கட்டளைகள் நேராக ப்ராசஸரிலேயே ஓடுகின்றன, சிஸ்டத்தைக் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் குறுக்கே வந்து மொழிபெயர்க்கிறது. வேகம் பெரிதாகக் குறையாததற்குக் காரணம் இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஸ்டால் செய்யும் முன்னால் வைன் தளத்தில் இருக்கும் ஆப் டிபி என்ற பட்டியலில் உங்கள் புரோகிராமின் பெயரையும் பதிப்பையும் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்), கார்பேஜ் (குப்பை) என்று தரம் போட்டிருப்பார்கள். கார்பேஜ் என்று இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக ஓடும் விர்ச்சுவல் மெஷின் பற்றிக் கீழே வரும் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். பதிவு எந்தத் தேதியில் போட்டது என்பதையும் கவனியுங்கள், பத்து வருடம் பழைய பதிவை நம்பிப் பயனில்லை.

வைனைத் தனியாகப் போட்டு டெர்மினலில் ஓட்டலாம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது பாட்டில்ஸ் என்ற செயலி. வைனைச் சுற்றிப் போட்ட ஓர் அழகான முகப்புதான் அது, மற்றக் கோப்புகளிலிருந்து ஒதுங்கித் தனி அறையில் ஓடும் ஃபிளாட்பேக் தொகுப்பாகக் கிடைக்கிறது. திறந்து புதிய பாட்டில் ஒன்றை உருவாக்குங்கள். கேமிங், அப்ளிகேஷன், கஸ்டம் என்று கேட்கும். ஆபீஸ் மாதிரியான புரோகிராம் என்றால் அப்ளிகேஷன், விளையாட்டு என்றால் கேமிங். பாட்டில் தயாரானதும் அதற்குள் போய், இஎக்ஸ்இ ஓட்டும் பொத்தானை அழுத்தி, செட்டப் கோப்பைக் காட்டினால் விண்டோஸில் பார்த்த அதே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' வரும். முடிந்ததும் புரோகிராம் பாட்டிலின் பட்டியலில் சேர்ந்திருக்கும், அங்கிருந்தே திறக்கலாம். ஃபிளாட்பேக் என்பதால் உங்கள் ஹோம் ஃபோல்டரிலுள்ள கோப்புகள் அதற்குத் தெரியாமல் போகலாம். அப்போது ஃபிளாட்சீல் என்ற சிறு செயலியில் தேவையான ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடுங்கள், முழு ஹோமுக்கும் வேண்டாம்.

இந்தப் பாட்டில் என்பது என்ன? வைனின் பேச்சில் பிரீஃபிக்ஸ். ஒரு சாதாரண ஃபோல்டர்தான், அதற்குள் ஒரு பொய்யான சி டிரைவ், விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரி, புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் கோப்புகள் எல்லாம் இருக்கும். நீங்களாக எதுவும் சொல்லாவிட்டால் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் வைன் என்ற ஒரே ஃபோல்டரில் வைன் எல்லாவற்றையும் கொட்டிவிடும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் விட்டேன். முதல் புரோகிராமுக்கு ஒரு பழைய டிஎல்எல், இரண்டாவதற்குப் புதிது, மூன்றாவதற்காக ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றம் என்று போய், மூன்றாவது ஓடத் தொடங்கிய அன்று முதலாவது நின்றுவிட்டது, எதை மாற்றியதால் எது கெட்டது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. முழு ஃபோல்டரையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதனால் ஒரு புரோகிராமுக்கு ஒரு பாட்டில். இடம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். கெட்டுப்போனால் அந்த ஒரு பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்துகொள்ளலாம், நன்றாக ஓடும்போது நகல் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் தடவையே ஓடிவிட்டால் அதிர்ஷ்டம். ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம், புரோகிராம் எதிர்பார்க்கும் ஏதோ ஒரு மைக்ரோசாஃப்ட் உதிரி இல்லாததுதான். விஷுவல் சி ரன்டைம், டாட் நெட், கோர் ஃபான்ட்ஸ் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பாட்டில்ஸில் டிபெண்டன்சீஸ் என்ற பகுதியில் இவை வரிசையாக இருக்கும், வைனைத் தனியாகப் பயன்படுத்தினால் வைன்ட்ரிக்ஸ் என்ற கருவி இதே வேலையைச் செய்யும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுத் தள்ளாதீர்கள், ஒன்றைப் போடுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. எது தேவை என்று தெரியவில்லை என்றால் டெர்மினலிலிருந்து ஓட்டி வரும் செய்திகளைப் படியுங்கள். 'ஃபிக்ஸ்மி' என்று தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும், அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை வைன் எழுதுபவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட குறிப்புகள். 'எர்ர்' என்று தொடங்கி, இன்ன டிஎல்எல் கிடைக்கவில்லை என்று சொல்லும் வரிதான் உங்களுக்கு வேண்டியது. அந்த டிஎல்எல் பெயரைத் தேடினால் எந்த உதிரியில் அது வருகிறது என்று தெரிந்துவிடும். டிஎல்எல் கோப்பைத் தனியாக டவுன்லோடு செய்யக் கொடுக்கும் தளங்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம், அந்தப் பாட்டிலின் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்பதில் கொண்டுபோய்ப் போடுங்கள். எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தால் வைன் கான்ஃபிகரேஷனில் கிராஃபிக்ஸ் பகுதியில் டிபிஐ எண்ணைக் கூட்டுங்கள். புரோகிராம் 'உங்கள் விண்டோஸ் பழையது' என்று முறைத்தால் அதே வைன் கான்ஃபிகரேஷனில் விண்டோஸ் பதிப்பை மாற்றிச் சொல்லிவிடலாம், பாவம், அது நம்பிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. வைனை சூடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்தோடு, ஓட்டவே ஓட்டாதீர்கள், ஃபோல்டரின் உரிமை ரூட் என்ற அட்மின் கணக்குக்குப் போய் அப்புறம் சாதாரணமாகத் திறக்க முடியாமல் அவதிப்படுவீர்கள். இன்னொன்று, வைன் ஒரு வேலி அல்ல. இசட் டிரைவ் என்ற பெயரில் உங்கள் மொத்த லினக்ஸ் கோப்புகளும் வழக்கமாக அதற்குத் தெரியும், விண்டோஸ் வைரஸ் ஒன்றை அதில் ஓட்டினால் உங்கள் ஆவணங்களை அதனால் தொட முடியும்.

விளையாட்டுகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் 2018-ல் வெளியிட்ட ப்ரோட்டான், வைனோடு டிஎக்ஸ்விகே போன்றவற்றைச் சேர்த்துக் கட்டியது, விண்டோஸின் கிராஃபிக்ஸ் பேச்சான டைரக்ட் எக்ஸ் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றிக்கொடுக்கும். ஸ்டீமின் செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியைப் பார்த்து, அதில் ப்ரோட்டான் இயங்கும்படி வைத்துவிட்டால் போதும். சிஸ்டத்தின் மையமான கெர்னல் வரை இறங்கி, ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைக் கண்காணிக்கும் ஆன்டி சீட் உள்ள ஆன்லைன் விளையாட்டுகள் பல மட்டும் மறுத்துவிடும்.

வைன் கைவிடும் இடமும் இதை ஒட்டியதுதான். சொந்தமாக டிரைவர் போடும் புரோகிராம், லைசென்ஸுக்கு யுஎஸ்பி டாங்கிள் (சொருகினால்தான் திறக்கும் சாவி) கேட்பது, புத்தம்புதிய பெரிய ஆபீஸ், டிசைன் தொகுப்புகள், இவற்றோடு மல்லுக்கட்டுவதை விட விர்ச்சுவல் மெஷினில் உண்மையான விண்டோஸையே போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரின் பயாஸ் செட்டிங்ஸில், விர்ச்சுவல் மெஷினுக்கு ப்ராசஸர் தரும் வசதியான விடி எக்ஸ் (இன்டெல்) அல்லது ஏஎம்டி வி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் ஆமை வேகம்தான், சில செயலிகள் தொடங்கவே தொடங்காது. அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸோ விர்ட் மேனேஜரோ போட்டு, விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கின் கோப்பு வடிவம்) கொடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும், டிபிஎம்மை மெஷின் செட்டிங்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம். உங்களிடம் மொத்தமே 8 ஜிபி ரேம் என்றால் இந்த வழி சுகப்படாது. யுஎஸ்பி சாதனத்தை மெஷினுக்குள் அனுப்பும் வசதி உண்டு, டாங்கிள் பிரச்சினை பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். விண்டோஸுக்கு லைசென்ஸ் தனியாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மிகப் பழையதற்கு நிலைமை தலைகீழ். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் புரோகிராமை இன்றைய 64 பிட் விண்டோஸே ஓட்டாது, வைன் பலவற்றை ஓட்டிவிடும். டாஸ் காலத்தது என்றால் டாஸ்பாக்ஸ்.

ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி, ஏனென்றால் அங்கே ப்ராசஸரே வேறு. வைனை அடிப்படையாகக் கொண்ட கிராஸ்ஓவர் சிஸ்டத்தின் பேச்சைப் பார்த்துக்கொள்ள, ரொசெட்டா 2 ப்ராசஸர் கட்டளைகளை மாற்றிக்கொடுக்கும். மேக்கிலேயே விண்டோஸைப் போட உதவும் பூட்கேம்ப் அந்த மேக்குகளில் கிடையாது. விண்டோஸில் இருந்துகொண்டு லினக்ஸ் கருவிகள் வேண்டும் என்பவர்களுக்கோ டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, ஒரே கட்டளையில் இன்ஸ்டால் ஆகிவிடும். அங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேலை செய்யும் கோப்புகளை லினக்ஸ் பக்க ஃபோல்டரிலேயே வையுங்கள், சி டிரைவிலிருந்து படிக்க விட்டால் நன்றாகவே இழுக்கும்.