நாஞ்சிங் ஊதா மலைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் நாஞ்சிங் நகரின் கிழக்குப் பகுதியில் அடர்ந்த காட்டுடன் எழுந்து நிற்கும் சிஜின் ஷான் என்னும் ஊதா மலைக்கு வருவோர் செய்யும் முதல் தவறு, அதை ஒரே வாயிலும் ஒரே நுழைவுச்சீட்டும் கொண்ட பூங்காவாகக் கருதித் திட்டமிடுவதாகும். சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சன் யாட்-சென்னின் நினைவிடத்தின் 392 படிகளை ஏறியதும் மலையேற்றம் முடிந்ததாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அப்படிகள் தெற்குச் சரிவிலுள்ள நினைவிட மண்டபத்தோடு நின்றுவிடுகின்றன; 448.9 மீட்டர் உயரமுள்ள தொத்துவோலிங் சிகரத்துக்கு வேறு பாதையில்தான் ஏற வேண்டும். மேற்கு அடிவாரத்தில், தைப்பிங்மென் பக்கத்திலிருந்து தொடங்கும் ஏற்றமே உள்ளூர்வாசிகளுக்குப் பழக்கமான வழி.

நினைவிடம், மிங் வம்சத்தின் முதல் பேரரசரான ஹொங்வுவின் சமாதி, லிங்கு கோயில் ஆகியவை ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் அமைந்திருப்பதால், இவற்றோடு சிகரத்தையும் ஒரே நாளில் அடக்க முயல்வது எதையும் நிதானமாகப் பார்க்கவிடாது. நாள் ஒன்றுதான் இருக்கிறது என்றால், 2003இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மிங் சமாதியையும் அதன் கல் விலங்குச் சிலைகள் நிற்கும் வழியையும் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் அருகிலுள்ள குன்றில் பிளம் மலர்கள் பூத்திருக்கும்போது அங்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும்.

சமாதிக்கும் லிங்கு வளாகத்துக்கும் கட்டணம் உண்டு. சன் யாட்-சென் நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் நேரே போய்விடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. கடவுச்சீட்டு விவரங்களுடன் முன்பதிவு செய்ய வேண்டும். பொது விடுமுறை நாட்கள் தவிரத் திங்கட்கிழமைகளில் நினைவிடம் மூடியிருக்கும். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையை இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

கூகுள் வரைபடத்தை நம்பி மலைக்குள் நுழைவது உண்மையிலேயே ஆபத்தானது. சீனாவில் அச்சேவை தடுக்கப்பட்டிருப்பது ஒருபுறமிருக்க, அந்நாட்டு வரைபடங்கள் வேறுபட்ட ஆயத்தொலைவு முறையைப் பயன்படுத்துவதால், கைபேசி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் விலகித் தெரியக்கூடும். கிளைப் பாதைகள் பல உள்ள காட்டில் அந்த விலகலே வழிதவறப் போதுமானது. அமேப், பைடு போன்ற உள்நாட்டு வரைபடச் செயலிகளுள் ஒன்றையும், பணம் செலுத்த அலிபே அல்லது வீசாட்டையும் பயணத்துக்கு முன்பே நிறுவிக்கொள்ள வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் சியாமாஃபாங் நிலையத்தில் இறங்கினால் நினைவிடம் பக்கத்தில்தான் என்று எண்ணக் கூடாது. அங்கிருந்தும் நெடுநேரம் நடக்க வேண்டும்.

பருவநிலையைக் குறைத்து மதிப்பிடுவோரும் பலர். ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை நீடிக்கும் பிளம் மழை எனப்படும் தொடர்மழைக் காலத்தில் கற்படிகள் வழுக்கும்; அதைத் தொடரும் வெயிலோ, நாஞ்சிங்கைச் சீனாவின் அடுப்பு நகரங்களுள் ஒன்றாகப் பேர்பெற வைத்தது. மலைதான் சிறியதாயிற்றே என்று தண்ணீரின்றி ஏறுவதும், தேய்ந்த அடிப்பாகமுள்ள காலணியுடன் மழையில் இறங்குவதும் கூடாது. கம்பிவட ஊர்தியில் இறங்கிவிடலாம் என்று முழு நம்பிக்கை வைத்துத் தாமதமாக ஏறுவதும் தவறுதான், ஏனெனில் பலத்த காற்றிலோ பராமரிப்பின்போதோ அது நிறுத்தப்படலாம்.

அந்தி சாய்ந்தபின் செப்பனிடப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. இம்மலையில் காட்டுப்பன்றிகள் வாழ்கின்றன. அவற்றுக்கு உணவிடுவது அவற்றை மனிதரிடம் நெருங்கப் பழக்கிவிடும். கோடைத் தொடக்கத்தில் லிங்கு கோயில் காட்டில் மின்மினிகளைக் காண வருவோர் செய்யும் தவறுகளே என்னை மிகவும் வருத்துகின்றன. கைபேசி விளக்கும் கேமரா ஃபிளாஷும், இணையைத் தேடி அவை விடும் ஒளிக்குறிகளை மறைத்துவிடுகின்றன. கொசுவிரட்டித் தெளிப்பான் அந்தச் சிற்றுயிர்களுக்கும் நஞ்சாகிறது. முழுக்கைச் சட்டை அணிந்து, விளக்கை அணைத்து, பாதையிலேயே நின்று, கண்கள் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்தால் அவை தாமாகவே தென்படும்.