அரிசி ஆலையின் சிக்கலை ஆய்வாக்குதல்: பல்கலைக்கழகத்தோடு இணைந்து அரச மானியம் கேட்பது எப்படி?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா பம்பைமடுவிலிருந்த வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இருந்தும் வன்னியில் சிறு ஆலை நடத்துகிறவர்களிடம் பேசும்போது, அந்த வாசல்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதற்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் இருப்பதைக் காண்கிறேன்.

தொழில் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்குத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற அரச நிறுவனங்கள் நிதி வழங்குகின்றன. இது கடனும் அல்ல, இயந்திரம் வாங்கித் தரும் உதவித் திட்டமும் அல்ல. பணம் பொதுவாக உங்கள் கணக்குக்கு வராமல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போகும். நீங்களும் உங்கள் பங்கைப் போட வேண்டியிருக்கும். இதை ஏற்க முடியாதவர்கள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

படி 1: குறையைக் கேள்வியாக மாற்றுங்கள்

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். புழுங்கல் அரிசி ஆலையொன்றை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தண்ணீரில் நெல்லை ஒன்றரை, இரண்டு நாள் ஊறவிடும் தொட்டியருகே இரண்டாம் நாள் காலையில் போய் நின்றால், மேலே நுரை படர்ந்து, தண்ணீர் மஞ்சளித்து, புளித்த மணம் மூக்கில் ஏறும். நொதித்தலால் வரும் அந்த மணம் சோறு வரைக்கும் தொடரும். “மணத்தைப் போக்க வேண்டும்” என்பது குறை. அது ஆய்வுக் கேள்வி ஆகாது. ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால் சில மணித்தியாலங்களில் வேலை முடிந்துவிடும் என்பது ஏற்கனவே தெரிந்த விடயம். தெரிந்ததைக் கண்டுபிடிக்க அரசாங்கம் பணம் தராது. ஆனால், கொதிகலனில் உமி எரித்தபின் வீணாகும் வெப்பத்தைக் கொண்டே அந்த நீரைச் சூடாக்க முடியுமா, அப்படிச் செய்யும்போது மொட்டைக்கறுப்பன் போன்ற உள்ளூர் நெல்லில் குறுணல் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்று கேட்டால், அது அளந்து பார்த்தே விடை காண வேண்டிய கேள்வி.

பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்காவது கணக்கு எழுதுங்கள்: ஊறவைத்த நெல்லின் எடை, ஊறிய மணித்தியாலம், கிடைத்த அரிசி, குறுணல், எரித்த உமி. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி என்பதால், கைவசம் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதும் அந்தக் கொப்பியிலிருந்தே தெரிந்துவிடும்.

படி 2: ஆளைத் தேடுங்கள்

துணைவேந்தருக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, தொழில்துறைத் தொடர்புகளுக்கென்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் வணிக இணைப்புப் பிரிவில் விசாரித்து, உங்கள் கேள்விக்குப் பொருத்தமான விரிவுரையாளரை நேரில் சந்தியுங்கள். முதன்மை ஆய்வாளராக விண்ணப்பத்தில் கையெழுத்திடப் போகிறவர் அவர்தான். பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள்.

படி 3: உரிமையை எழுதி வையுங்கள்

விரிவுரையாளருக்குப் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும். உங்களுக்கோ பக்கத்து ஆலைக்காரருக்கு விடயம் தெரியக்கூடாது. இரண்டும் நியாயமானவைதான், ஆனால் இரண்டும் மோதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமை (புதுக் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் தனியுரிமை, patent) விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கனவே வெளியாகி, புதியதாக இல்லாத ஒன்றுக்கு அது கிடைக்காது என்பதால், முதலில் ஆக்கவுரிமை விண்ணப்பம், பிறகு கட்டுரை என்ற ஒழுங்கைப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மாணவர் எழுதும் ஆய்வேடும் இதில் அடங்கும். பலரும் மறப்பது அதைத்தான்.

படி 4: பாதீடு

உங்கள் பங்கு பணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நெல், ஆலை நேரம், தொழிலாளர் கூலி ஆகியவற்றையும் பல திட்டங்களில் பெறுமதியிட்டுக் காட்டலாம். எது ஏற்கப்படும், எந்த வீதத்தில் என்பது விண்ணப்ப அழைப்பிலேயே இருக்கும். நான் எழுத உதவிய ஒரு விண்ணப்பத்தில் ஆலையின் பங்கை ஒரே மொத்தத் தொகையாகப் போட்டிருந்தோம். விளக்கம் கேட்டு அது திரும்பி வந்தது. “ஒரு தொட்டி, ஒரு நாள், இத்தனை மூடை, இந்த விலை” என்று பிரித்து எழுதியபின்தான் ஏற்றுக்கொண்டார்கள். கருவிகளைப் பல்கலைக்கழகத்தின் கொள்வனவு நடைமுறைப்படி விலைக்கூறல் பெற்று வாங்குவதால் மாதக்கணக்கில் இழுபடும், வாங்கிய பொருளும் வழக்கமாக அவர்களுக்கே சொந்தமாகும்.

படி 5: போகத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

கொழும்பில் இருந்து மதிப்பிடுகிறவருக்கு ஏப்ரலில் தொடங்கும் பன்னிரண்டு மாதத் திட்டம் அழகாகவே தோன்றும். வன்னியில் காலபோக நெல் மாசி, பங்குனியோடு களம் கண்டுவிடும். ஏப்ரலில் தொடங்கினால், குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகம் விளைந்தால் மட்டுமே புது நெல் கைக்கு வரும். ஆகவே கருவி வாங்குவதையும் பரிசோதனைத் தொட்டி கட்டுவதையும் முதல் மாதங்களில் வைத்து, முக்கிய அளவீடுகளைக் காலபோக அறுவடையோடு பொருத்துங்கள்.

விண்ணப்பம் துறை அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் போகும். அவர்கள் கேள்வி கேட்டால் விரிவுரையாளரும் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து பதில் எழுதுங்கள். நிதி கிடைத்தாலும் அது தவணை தவணையாகவே வரும், அடுத்த தவணைக்கு முன்னேற்ற அறிக்கை வேண்டும். அறிக்கைக்குத் தேவையான ஆலைக் கணக்கை விரிவுரையாளர் கேட்கும்வரை காத்திராமல், அந்தக் கொப்பியின் பக்கங்களை ஒவ்வொரு மாத முடிவிலும் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.