கெடு நேரத்திலிருந்து தொடங்குங்கள்

மாணவர் மனநலம் என்றால் பலருக்கு ஒரு கருத்தரங்கும் நாலு சுவரொட்டியும் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அசைன்மென்ட் கெடு. இரவு 11.59 என்று போட்டால் பாதி வகுப்பு அன்று சரியாகத் தூங்காது. மாலை 5 மணி என்று மாற்றிப் பாருங்கள். வேலை அதேதான், தூக்கம் மிஞ்சும். மற்ற பாட ஆசிரியர்களிடமும் பேசி, எல்லாத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மதிப்பெண். எல்லாவற்றையும் ஒரே பெரிய தேர்வில் தொங்கவிடாமல், பத்து நிமிடச் சிறுதேர்வுகளாகப் பிரித்து, அவற்றில் மிகக் குறைந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். காய்ச்சலில் கிடந்தவர் உங்கள் முன் வந்து நின்று கெஞ்ச வேண்டியிருக்காது. இது செல்லம் கொடுப்பது அல்ல. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நாள்பட மனதில் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கேள்வி கேட்டதும் பொறுங்கள். ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பள்ளி வகுப்பறைகளில் கவனித்தார். 3 நொடி பொறுத்தபோது தாமாக முன்வந்து பேசியவர்கள் கூடினார்கள். நின்று பார்த்தால் அந்த 3 நொடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் மேசைக்கடியில் விரல் மடக்கி எண்ணுவேன்.

முன்வரிசைக்காரர் திடீரென்று கடைசி பெஞ்சுக்குப் போகிறாரா, வரவே இல்லையா? எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “மூணு வகுப்பா உன்னைக் காணோம். போன டெஸ்ட்டும் பாதியிலயே நிக்குது. என்னப்பா ஆச்சு?” அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். “எல்லாம் சரியாயிடும்” என்று முந்திக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற தொனி வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால், கல்லூரி மனநல ஆலோசகரின் எண்ணை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்; ஆலோசகர் அறைவரை மாணவருடன் கூடவே போங்கள். அறை பூட்டியிருந்தால் துறைத் தலைவரை அழையுங்கள். பொறுப்பான ஒருவர் வந்து சேரும்வரை அடுத்த வகுப்புக்குக் கிளம்ப வேண்டாம்.