ஈஸ்டும் பலூனும்: செல் ஆற்றலைச் செலவிடும் விதத்தை வீட்டிலேயே காண்போம்

அரை லிட்டர் பாட்டில்கள் மூன்றைக் கழுவி, 1, 2, 3 என்று எண்ணிட்டுக்கொள்ளுங்கள். பலூன்களை ஒருமுறை வாயால் ஊதித் தளர்த்தி வைத்துக்கொண்டால், குறைந்த அழுத்தத்திலேயே அவை எழும்பும்.

முதல் பாட்டிலில் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் 150 மில்லி நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டாவதில் ஈஸ்டையும் நீரையும் அதே அளவில் சேர்த்து, சர்க்கரையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவதற்குரிய ஈஸ்டை ஒரு பாத்திரத்தில் கொதிநீரில் கலக்கி, ஆறிய பிறகு சர்க்கரையுடன் பாட்டிலில் ஊற்றுங்கள். மூன்றின் வாயிலும் பலூனை மாட்டுங்கள். மூடியைத் திருகி இறுக்கினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும்.

சற்று நேரத்தில் முதல் பாட்டிலில் வெளிர்பழுப்பு நுரை திரளும். ஒரு மணி நேரத்திற்குள் பலூன் நிமிர்ந்து நிற்கும். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு வாயுவை விடுகிறது என்பதோடு பலர் விளக்கத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிரி; பலூனில் சேரும் கரியமில வாயு அந்தச் செல் வெளியேற்றும் கழிவுதான். செல் நாடுவது, அதன் வேலைகளுக்கு ஆற்றல் தந்து உள்ளேயே தங்கும் ஏடிபி என்ற மூலக்கூறை. சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை நொதிக்கச் செய்ய, செல் முதலில் தன் கையிருப்பிலிருந்து இரண்டு ஏடிபியை முதலாகப் போட வேண்டும்; பின்னர் நான்கு கிடைப்பதால் நிகர வரவு இரண்டு.

அந்த வரவில் கணிசமான பங்கு செல் சவ்விலுள்ள ஒரு புரதப் பம்புக்குச் செல்கிறது. ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் கழலும் வினையில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அந்தப் பம்பு ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. மதகைத் திறந்ததும் பாயும் அணை நீரைப் போல அந்த அயனிகள் உள்ளே திரும்பும்போது, அமினோ அமிலங்களையும் உடன் இழுத்து வருகின்றன. அவற்றைக் கோத்துப் புரதமாக்கவும் ஏடிபி வேண்டும். நம் நரம்புச் செல்களிலும் இதற்கு இணையான பம்பு உண்டு. ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை அது உள்ளே சேர்க்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957-இல் நண்டின் நரம்பில் இதை இனங்கண்டார்.

இப்போது இரண்டாவது பாட்டிலின் பலூனைக் கழற்றி, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, மீண்டும் மாட்டுங்கள். அதுவரை துவண்டு கிடந்த பலூன் மெல்ல எழும்பும். அந்தச் செல்கள் உயிருடன் உணவுக்காகக் காத்திருந்தன. மூன்றாவதில் தொடக்கத்திலிருந்தே சர்க்கரை இருந்தும், செல்லின் வினைகளை நடத்தும் புரதங்களான நொதிகளின் வடிவத்தைக் கொதிநீர் குலைத்துவிட்டதால், அதன் பலூன் மறுநாள் காலையிலும் தொங்கியபடியே இருக்கும்.