ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லையா? வால்வின் ஊசியைப் பாருங்கள்

பிரிட்டன் வீடுகளில் கோடை முடிந்து வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் போட்டதும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால், பெரும்பாலும் அதற்குள் போகும் வெந்நீரை அறைச் சூட்டுக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி கீழே இறுகிப்போயிருக்கும். வால்வின் தலையை, அதாவது எண்கள் போட்ட திருகு குமிழை, முழுக்கத் திறந்த நிலையான 5-இல் வைத்து, அடியிலுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். வெளியே தெரியும் ஊசியை ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் இறங்கி, தானே மேலே வர வேண்டும். வராவிட்டால் ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் விட்டு, வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். குறடு போட்டு இழுக்கவே கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அதுவும் கறுப்புத் தண்ணீர். கார்ப்பெட் கதை அவ்வளவுதான். தலையைத் திரும்ப மாட்டும்போதும் 5-இலேயே இருக்கட்டும். கோடையில் வால்வை முழுக்கத் திறந்தே விடுங்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால்தான் ஊசி அழுந்தி ஒட்டிக்கொள்கிறது.